கரையில் மூக்கை வைக்கும் கப்பல்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வடசென்னையில் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவிலிருந்து வந்தவை. பெரும்பாலானவை ஒரே கப்பலைச் சுற்றி: ஐ.என்.எஸ். ஐராவத். ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் ஐராவத் என்ற போர்க்கப்பல் நிவாரணப் பொருளோடு சென்னைக்கு வந்ததாகப் படித்தேன். போர்க்கப்பலில் அரிசி மூட்டை ஏற்றுவார்களா?
*– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை*

தாராளமாக ஏற்றுவார்கள். அந்த வேலைக்கு ஐராவத்தைவிடப் பொருத்தமான கப்பல் நம் கடற்படையில் குறைவு. இது எதிரிக் கப்பலைத் துரத்தும் வகை இல்லை. டாங்குகளையும் வண்டிகளையும் வீரர்களையும் சுமந்துபோய், துறைமுகமே இல்லாத கரையில் இறக்கிவிடும் வகை. கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய ஷார்துல் வகுப்புக் கப்பல்கள் மூன்று. ஷார்துல் 2007 ஜனவரியிலும், கேசரி 2008 ஏப்ரலிலும், ஐராவத் 2009 மே 19 அன்றும் பணியில் சேர்ந்தன.

ஐராவத்தின் நீளம் சுமார் 125 மீட்டர், அகலம் 17.5 மீட்டர், முழுச் சுமையில் எடை சுமார் 5,650 டன். 11 பெரிய டாங்குகளும் 10 வண்டிகளும் 500 வீரர்களும் ஏறலாம். வேகம் 16 நாட் (மணிக்குச் சுமார் 30 கி.மீ.) அளவுக்குள். ஃப்ரிகேட் என்ற வேகமான போர்க்கப்பல் இதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தை நெருங்கும். அவசரத்துக்கு இது மெதுவான வண்டிதான்.

அரிசி மூட்டைக்கு ஏன் பொருத்தம் என்றால், உள்ளே முன்னிருந்து பின்வரை தடுப்பில்லாத ஒரு நீண்ட டாங்குத் தளம் இருக்கிறது. 40 டன் டாங்கு ஓடத் தாங்கும் இரும்புத் தரை, எங்கும் சங்கிலி மாட்டுவதற்கு வளையங்கள். லாரியே உள்ளே வந்து போகலாம் என்பதால் கிரேன் வேண்டாம். வெள்ளத்திலோ புயலிலோ கரையில் கரண்ட் இல்லாமல் கிரேன் நின்றுவிட்ட ஊரில் இதன் அருமை தெரியும். மேலே ஹெலிகாப்டர் தளம், பக்கவாட்டில் தொங்கும் சிறு இறங்கு படகுகள், ஆட்கள் படுக்க வரிசையான பங்க் கட்டில்கள் ஆகியவையும் உண்டு.

ஃபைபர் போட்டே மணல்ல ஏறிட்டா தள்ள பத்து பேர் வேணும். 5,000 டன் கப்பல் கரையில மூக்க வெச்சிட்டு, எப்படி சார் தானா திரும்பிப் போகும்?
*– போட் மெக்கானிக், காசிமேடு*

திரும்பிப் போவதற்கான ஏற்பாட்டை வரும்போதே செய்துவிட்டுத்தான் அது கரையைத் தொடுகிறது. முழு ரகசியமும் பின்பக்க நங்கூரத்திலும் பாலாஸ்ட் தண்ணீரிலும் (கப்பலின் எடையையும் சாய்வையும் மாற்றத் தொட்டிகளில் ஏற்றி இறக்கும் தண்ணீர்) இருக்கிறது.

முதலில் கரையைப் படிக்க வேண்டும். முந்தின நாளோ இரவோ முக்குளிப்பவர்களும் அளவைப் படகும் போய், கரையிலிருந்து கடலுக்குள் ஆழம் எப்படி இறங்குகிறது என்று வரிசையாக அளந்துவருவார்கள். கெட்டி மணல் நல்லது, சேறு ஆபத்து, பாறை கூடவே கூடாது. இரண்டாம் உலகப் போரில் கட்டிய டாங்குக் கப்பல்களை 50க்கு 1 என்ற சரிவை மனதில் வைத்து வடிவமைத்தார்கள். அதாவது 50 மீட்டர் போனால் 1 மீட்டர் ஆழம் கூடும் கரை. அந்தக் கப்பல்கள் 100 மீட்டர் நீளம். கரையேறும்போது முன்பக்கம் ஒரு மீட்டரும் கொஞ்சமும், பின்பக்கம் மூன்று மீட்டர் அளவும் தண்ணீரில் மூழ்கியிருக்கும். 100 மீட்டருக்கு 2 மீட்டர் வித்தியாசம், கரைச் சரிவும் அதேதான். அடிப்பாகத்தின் சாய்வு கரைச் சரிவோடு ஒத்துப்போகவே இப்படி. கரை இதைவிடத் தட்டையாக இருந்தால் பின்பக்கம் முதலில் தட்டி, மூக்கு கடலிலேயே நின்றுவிடும். செங்குத்தாக இருந்தால் மூக்கு மட்டும் குத்தி, பின்பக்கம் அலையில் ஆடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது நேரம். கடல் ஏற்றம் (தண்ணீர் மட்டம் உயர்வது) முடிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் தொட வேண்டும். இறக்கும்வரை தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தால், ஏதாவது கோளாறு என்றாலும் கடலே தூக்கிவிடும். வற்றும் நேரத்தில் தொட்டால் அடுத்த ஏற்றம்வரை, ஏறக்குறைய 12 மணி நேரம், அங்கேயே காவல் இருக்க வேண்டியதுதான்.

வரும் வழியில் முன் பாலாஸ்ட் தொட்டிகளைக் காலிசெய்து மூக்கைத் தூக்குவார்கள். அலைக்கு நேர்குத்தாக, மெதுவாக, கரையை நோக்கி வரவேண்டும். இரண்டு மூன்று கப்பல் நீளம் மிச்சமிருக்கும்போது பின்பக்க நங்கூரத்தைப் போட்டு, வின்ச்சிலிருந்து (வடம் சுற்றும் உருளை) கம்பிவடத்தை விட்டுக்கொண்டே முன்னேறுவார்கள். இந்த வடம் தளர்ந்தால் நேராகப் புரொப்பல்லரில் சுற்றும். வலை சுற்றினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இதுவோ இரும்புக் கம்பிகள் பின்னிய வடம்.

தரை தட்டியதும் இன்ஜினை நிறுத்தக்கூடாது. மெதுவாக முன்னோக்கியே ஓடவிட்டு, முன் தொட்டிகளில் தண்ணீர் ஏற்றிக் கப்பலை அழுத்தி உட்காரவைப்பார்கள். இல்லாவிட்டால் ஒவ்வோர் அலைக்கும் எழும்பி எழும்பித் தரையில் இடித்துத் தகடு நெளியும். அதன் பிறகுதான் மூக்குக் கதவு இரண்டும் பக்கவாட்டில் திறந்து, சாய்தளம் கீழே இறங்கும். அதன் நுனியில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பதை முதல் வண்டி இறங்கும் முன் கோல் விட்டுப் பார்க்க வேண்டும். டி-72 டாங்கு எந்த ஏற்பாடும் இல்லாமல் 1.2 மீட்டர் தண்ணீரைக் கடக்கும். ஜீப்புக்கு அது கழுத்தளவு: காற்று உறிஞ்சும் குழாயையும் சைலன்சரையும் மேலே உயர்த்தி, மின் இணைப்புகளுக்குக் கிரீஸ் பூசி மூடாமல் இறக்கினால் பத்தடியில் நின்றுவிடும். நின்ற வண்டி பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் வழியை அடைக்கும்.

சுமை இறங்க இறங்கக் கப்பல் லேசாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 125 மீட்டருக்கு 17.5 மீட்டர், இரு முனையும் குறுகுவதால் தண்ணீர் மட்டத்தில் பரப்பு சுமார் 1,750 சதுர மீட்டர் என்று வைப்போம். கப்பல் 1 செ.மீ. எழும்ப ஏறக்குறைய 18 டன் இறங்க வேண்டும். 41 டன் டாங்கு ஒன்று போனால் 2 செ.மீ.க்குச் சற்று மேல்; பதினொன்றும் போனால் 25 செ.மீ. இந்தக் கால் மீட்டர்தான் திரும்பிப் போக முக்கிய உதவி. ஆனால் பாதி இறக்கும்போதே மிதந்துவிட்டால் அதுவே தொல்லை, பக்கவாட்டு நீரோட்டம் கப்பலைத் திருப்பிவிடும். அதனால் இறங்கும் எடைக்கு ஈடாக முன் தொட்டியில் தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருப்பார்கள்.

திரும்பும்போது சாய்தளத்தை ஏற்றி, கதவை மூடிப் பூட்டி, அந்தத் தண்ணீரை வெளியே தள்ளி, பின் நங்கூர வடத்தை வின்ச்சில் இழுத்துக்கொண்டே இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டுவார்கள். நங்கூரம் பிடித்திருந்தால் கப்பல் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும்.

உங்கள் தொழிலுக்கு ஒட்டிய செய்தி ஒன்று. கரையேறும் கப்பலில் அடிக்கடி கெடுவது இன்ஜின் இல்லை, அதைக் குளிரவைக்கும் கடல்நீர்க் குழாய்தான். அடியிலுள்ள வாய் மணலோடு தண்ணீரை உறிஞ்சும். கரை நெருங்கும் முன் பக்கவாட்டிலுள்ள மேல் வாய்க்கு மாற்றி, வடிகட்டிகளை மாற்றி மாற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பம்பின் இம்பெல்லர் மணலில் தேய்வது தனி. அதற்கடுத்த தொல்லை மூக்குக் கதவின் ரப்பர் சீல். மணல் ஒட்டிய சீல்மேல் கதவை மூடினால் அடுத்த அலையிலேயே கசிவு.

திருவொற்றியூர் கரையில் இந்தக் கப்பல் ஏற முடியுமா?
*– கல்லூரி மாணவி, திருவொற்றியூர்*

முடியாது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை பெரும்பாலான இடங்களில் இன்று இருப்பது மணல்கரை இல்லை, கொட்டிய கல். துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்ததால் மெரினா அகன்றது, நம் பக்கம் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல்லும் தூண்டில் வளைவும் (கடலுக்குள் நீளும் கல் சுவர்) வந்தன. தட்டையடிக் கப்பலுக்கு அந்தக் கல் ஒன்று போதும்.

கல் இல்லாத துண்டுக் கரையிலும் சிக்கல் உண்டு. சென்னையில் ஏற்றவற்றம் பெரிய நாட்களிலேயே ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சிக்கினால் கடல் பெரிதாகத் தூக்கிவிடாது. கரையோர நீரோட்டமும் பலம். மார்ச் முதல் அக்டோபர்வரை பெரும்பாலும் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. மூக்கை மணலில் ஊன்றி நிற்கிற கப்பலின் பின்பக்கத்தை அந்த ஓட்டம் தள்ளினால், கப்பல் அலைக்குக் குறுக்கே படுத்துவிடும். துறைமுகம் வருமுன் இந்த ஊரில் பெரிய கப்பல்கள் தொலைவில் நிற்க, மசூலா படகில்தான் ஆளும் சரக்கும் அலையைத் தாண்டி வந்தன. அந்த அலை இன்னும் அதே அலைதான்.

1971 போரில் நம் கடற்படை இப்படி ஒரு கரையேற்றம் செய்து சொதப்பியதாக ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர் ஒருவர் சொன்னார். உண்மையா?
*– வாசகர், ராயபுரம்*

உண்மை. 1971 டிசம்பர் நடுவில், இன்றைய வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அருகே. கரியால், குல்தார் என்ற இரண்டு போலந்துக் கப்பல்கள் கூர்க்கா வீரர்களை இறக்கப் போயின. (அதே பெயர்களில் பிறகு வந்தவை வேறு கப்பல்கள்.) கரைக்கு வெளியே கடலுக்கு அடியில் ஒரு மணல் மேடு. கப்பல் அந்த மேட்டில் தட்டியதைக் கரையே வந்துவிட்டது என்று கொண்டு இறக்கத் தொடங்கினார்கள். மேட்டைத் தாண்டினால் கரைக்கு முன்னால் ஆழமான வாய்க்கால் போலப் பள்ளம். முதுகில் பாரத்தோடு இறங்கியவர்களில் இருவர் மூழ்கி இறந்தார்கள். டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரண் முடிந்தது. இந்த இறக்கத்தால் போரின் போக்கில் எந்த மாற்றமும் இல்லை.

தவறு கப்பலில் இல்லை, கரையைச் சரியாக அளக்காமல் போனதில். ஆழம் குறைந்து, மறுபடி கூடி, மறுபடி குறைகிறதா என்று பார்ப்பதுதான் கரை அளவையின் முதல் வேலை. நம் கரையிலும் இப்படி மேடு இருக்கிறது, பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிறது. சிறுபடகில் கரை திரும்பும் யாரைக் கேட்டாலும், முதல் அலை எங்கே உடைகிறது என்று பார்த்தே சொல்வார்கள். அன்றைய திட்டத்தில் இந்த வகை அறிவுக்கு இடமில்லாமல் போனதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

தரை தட்டுவதற்கென்றே கட்டிய கப்பல் தரை தட்டிச் சேதமானது என்றால் சிரிப்பு வராதா? 2014 செய்தியைச் சொல்கிறேன்.
*– வாசகர், கொருக்குப்பேட்டை*

2014 ஜனவரி 30 அன்று விசாகப்பட்டினத்தில் ஐராவத் தரை தட்டியது. புரொப்பல்லர்கள் சேதமாயின, கேப்டன் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார்.

சிரிக்க ஒன்றுமில்லை. தரையைத் தாங்கும்படி தடித்த தகடு வைத்திருப்பது முன் அடிப்பாகத்தில். புரொப்பல்லரும் சுக்கானும் பின்பக்கம், கப்பலின் ஆழமான இடத்தில் இருக்கின்றன. கரையேறும்போது அவை தரையைத் தொடாதபடி மூக்கைத் தூக்கிப் பின்பக்கத்துக்கு ஆழம் விட்டு, அளந்த கரையில், மெதுவாக வருகிறார்கள். துறைமுகப் பகுதியில் வரும் கப்பல் அந்த நிலையில் இருப்பதில்லை. கால்வாயின் ஓரம் வெட்டியெடுத்த சரிவு, அடியில் கல்லும் இருக்கலாம். அங்கே முதலில் மாட்டுவது பின்பக்கம். இறக்கை ஒன்று நெளிந்தாலே போதும், தண்டு அதிர்ந்து பேரிங்கும் சீலும் போகும்; கப்பலை உலர்துறையில் ஏற்றாமல் சரிசெய்ய முடியாது.

ஐராவத் எந்தப் போரிலாவது சண்டை போட்டிருக்கிறதா?
*– பத்தாம் வகுப்பு மாணவன், புதுவண்ணாரப்பேட்டை*

இல்லை தம்பி. ஆனால் அதன் பணிப் பதிவு பல போர்க்கப்பல்களுடையதைவிடச் சுவையானது.

2011 ஜூலையில் வியட்நாமின் நா திராங் துறைமுகத்துக்குப் போய்விட்டு 22ஆம் தேதி கிளம்பியது. கரையிலிருந்து 45 கடல் மைல் தொலைவில், ரேடியோவில் ஒரு குரல் தன்னைச் 'சீனக் கடற்படை' என்று சொல்லிக்கொண்டு, சீன நீர்ப்பரப்புக்குள் வருவதாக எச்சரித்தது. சுற்றுமுற்றும் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. ஐராவத் தன் வழியில் போனது. செப்டம்பரில் செய்தி வெளிவந்து உலகம் முழுக்கப் பேசினார்கள்.

2020 ஜனவரியில் மடகாஸ்கரில் டயான் புயல். அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஐராவத்தை அங்கே திருப்பினார்கள்; அந்த உதவிக்கு 'ஆபரேஷன் வனில்லா' என்று பெயர். அதே ஆண்டு நவம்பரில் சூடான், தெற்கு சூடான், ஜிபூட்டி, எரித்ரியா நாடுகளுக்கு உணவுப் பொருள். நடுவில் கொரோனா: 'சமுத்திர சேது' என்ற திட்டத்தில் ஜலஷ்வா, மகர், ஷார்துல், ஐராவத் நான்கும் சேர்ந்து 3,992 பேரை ஊருக்குக் கொண்டுவந்தன. ஐராவத் மாலத்தீவிலிருந்து 198 பேரை ஜூன் 23 அன்று தூத்துக்குடியில் இறக்கியது. 500 பேருக்கு இடமுள்ள கப்பலில் ஏன் 198 என்று கேட்கலாம். அடுக்குப் பங்க் கட்டிலில் இடைவெளி விட்டுப் படுக்கவைத்தால், கப்பல் ஆட்களின் பகுதியையும் தனியாகப் பிரித்தால், அவ்வளவுதான் கொள்ளும். இரானின் பந்தர் அப்பாஸில் மாட்டிக்கொண்டிருந்த 687 பேரை, அவர்களில் தமிழக மீனவர்கள் பலர், ஜூலை 1 அன்று தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது ஜலஷ்வா.

2021 மே மாதம் ஆக்சிஜன் தட்டுப்பாட்டில், சிங்கப்பூரிலிருந்து திரவ ஆக்சிஜன் நிரப்பும் 8 காலி க்ரையோஜெனிக் (கடுங்குளிர்) கலன்களும் 3,000க்கு மேற்பட்ட சிலிண்டர்களும் ஐராவத்தின் டாங்குத் தளத்தில் விசாகப்பட்டினம் வந்தன. ஜூலையில் நிலைமை திரும்பியது. இந்தோனேசியாவுக்கு 100 டன் திரவ ஆக்சிஜனும் 300 செறிவூட்டிகளும் கொண்டுபோனது இதே கப்பல்தான்.

ஜலஷ்வாவில் விஷவாயு தாக்கி ஆட்கள் இறந்தார்களாமே? கழிவுநீர்த் தொட்டியில் இறங்கும் எங்கள் ஆட்களுக்கு நடப்பதுதான் அங்கும் நடந்ததா?
*– ஒப்பந்தத் தொழிலாளி, மணலி*

ஆமாம், அதே வாயு: ஹைட்ரஜன் சல்பைடு. 2008 பிப்ரவரி. அமெரிக்காவில் 1971இல் பணியில் சேர்ந்து, 'டிரென்டன்' என்ற பெயரில் ஓடி, 2007இல் நமக்கு வந்த கப்பல் அது.

தேங்கிய கழிவுநீர் மூடிய தொட்டியிலும் குழாயிலும் அழுகி இந்த வாயுவை உண்டாக்கும். காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் தப்பிக்கலாம் என்று நம்புவதுதான் ஆபத்து: 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே சில நிமிடத்தில் மூக்கு மரத்து நாற்றம் தெரியாமல் போகும். அதற்கு மேல் ஏறினால் ஆள் விழுவான், தூக்கப் போனவனும் விழுவான்.

கப்பலானாலும் தெருவானாலும் முறை ஒன்றே. உள்ளே வரும் குழாய்களை அடைத்துப் பூட்டு. காற்றூதி வைத்துக் காற்றோட்டம் கொடு. கருவியைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி மூன்று இடத்திலும் அள. ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும், 19.5க்குக் கீழே என்றால் இறங்காதே. வாயிலில் ஓர் ஆள் நகராமல் நிற்க வேண்டும், இறங்குபவர் மேல் கயிறு கட்டியிருக்க வேண்டும். மீட்கப் போகிறவருக்குச் சிலிண்டர் உள்ள சுவாசக் கருவி. துணியோ வடிகட்டி முகமூடியோ உதவாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் உங்களை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சங்கத்தில் சொல்லுங்கள்.

காட்டுப்பள்ளியில் வெள்ளைக்காரக் கப்பல் இரண்டு நின்றதே, அதுவும் இந்த வகையா?
*– வாசகர், மீஞ்சூர்*

2024 மார்ச்சில் பராமரிப்புக்காக எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு வந்த பிரிட்டன் கப்பல்கள் ஆர்கஸ், லைம் பே. ஆர்கஸ் மருத்துவ, விமான உதவிக் கப்பல். லைம் பேதான் இறங்கு கப்பல், ஆனால் ஐராவத் வகை இல்லை. 176 மீட்டர் நீளம், எடை 16,000 டன்னுக்கு மேல். அது கரையைத் தொடவே தொடாது. பின்பக்கம் ஒரு குளம் போன்ற தளம் இருக்கிறது. பாலாஸ்ட் ஏற்றிப் பின்பக்கத்தை அமிழ்த்தினால் கடல்நீர் உள்ளே வந்து, அதில் நிற்கும் இறங்கு படகு மிதந்து வெளியே போகும். ஜலஷ்வாவும் இந்த ஏற்பாடுதான்.

எது மேல் என்று கேட்டால், எங்கள் ஓட்டு இரண்டாம் வகைக்கு. கப்பல் தொலைவில் பாதுகாப்பாக நிற்கும், மணல் மேடு எங்கே இருந்தாலும் படகுகள் சுற்றிப் போகும். விலையும் பராமரிப்பும்தான் கண்ணைக் கட்டும்.

தூரத்திலிருந்து பார்த்தால் எது எந்தக் கப்பல் என்று எப்படித் தெரியும்?
*– வாசகர், எண்ணூர்*

பக்கவாட்டு எண்ணைப் பாருங்கள். எல் 15 கேசரி, எல் 16 ஷார்துல், எல் 23 கரியால், எல் 24 ஐராவத், எல் 41 ஜலஷ்வா. எல் 51 முதல் 58வரை என்றால் 63 மீட்டர் நீளமுள்ள சிறிய இறங்கு கப்பல்கள், அந்தமான் பக்கம் அதிகம். எல் 20 என்றிருந்த மகரை இனிப் பார்க்க முடியாது. 1987இல் சேர்ந்து, 2023 மே 6 அன்று கொச்சியில் ஓய்வுபெற்றது.

பழைய இறங்கு கப்பலைக் கடலில் மூழ்கடித்து அருங்காட்சியகம் ஆக்குகிறார்களாமே, நிஜமா?
*– மீனவர், எர்ணாவூர்*

நிஜம். 2024 ஜனவரி 12 அன்று போர்ட் பிளேரில் சீத்தா, குல்தார், கும்பிர் மூன்றும் ஓய்வுபெற்றன. அவற்றில் குல்தாரை மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் கடலில், நிவதி பாறைக்கு அருகே மூழ்கடித்து முக்குளிப்புத் தலமும் மீன் பாரும் (மீன் கூடும் திட்டு) ஆக்க எடுத்துக்கொண்டார்கள். அப்படி மூழ்கடிக்கும் முன் எரிபொருள், மசகெண்ணெய், பழைய கேபிள், நச்சுப் பெயின்ட் எல்லாவற்றையும் எடுத்துக் கழுவ வேண்டும். ஆள் உள்ளே மாட்டிக்கொள்ளாதபடி பக்கங்களில் அகலமாகத் துளை வெட்ட வேண்டும். மேலே கப்பல் போகும் அளவுக்கு ஆழம் விட வேண்டும். இழுவலை போடுகிற இடமாக இருக்கக்கூடாது. நம் பக்கம் இப்படி ஒன்று வந்தால், நீங்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டியது மூழ்கிய இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி. வலை மாட்டினால் அறுத்துவிட்டு வருவதைத் தவிர வழியில்லை.